மறைநகலைத் திறந்துவிட்ட பொங்காலை நாள்

கெட்ட எண்ணத்தோடு தப்புச் செய்பவன் கொஞ்சமாவது பயந்து செய்வான். நல்ல எண்ணக்காரன் கை கூசாமல் செய்வான். நான் இரண்டாவது வகை. சந்தாதாரர்களுக்கு மின்னஞ்சல் அனுப்புவதைப் பிழைப்பாகக் கொண்டு புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு அந்த இரண்டாவது வகையைப் பற்றித்தான் சொல்லப்போகிறேன். முதல் வகைக்குப் போலீஸ் இருக்கிறது.

நான் திருவனந்தபுரத்து ஆரியசாலைக் கடைத்தெருவில் பிறந்தவன். வீட்டில் எல்லோரும் வற்றல் மிளகாய் மொத்த வியாபாரம். மிளகாய் நெடிக்கு எனக்குத் தும்மல் நிற்காது என்பதால் டைப்ரைட்டிங் படிக்க அனுப்பினார்கள். படித்து, அதே ஊரில் ஒரு சர்க்கார் ஆபீசில் தற்காலிகத் தட்டச்சராகச் சேர்ந்தேன். அந்தத் தற்காலிகம் பதினோரு வருஷம் நீடித்தது. பிறகு ஒருநாள் நிரந்தரமாக வெளியே அனுப்பினார்கள்.

அங்கே நான் கற்ற ஒரே வேதம் இதுதான்: ஒரு கடிதம் யார் யாருக்குப் போகிறதோ, அத்தனை பேருடைய பெயரையும் அடியில் ‘நகல்’ என்று போட்டு எழுதிவிட வேண்டும். ஒருவருக்குத் தெரியாமல் இன்னொருவருக்கு நகல் போனால் அது மொட்டைக் கடிதத்துக்குச் சமம். ஒருமுறை ஒரு பெயரை விட்டுவிட்டு, அதற்காக எழுத்துமூலம் விளக்கம் கொடுத்திருக்கிறேன். அந்த விளக்கத்தின் நகல் ஆறு பேருக்குப் போனது. ஆறு பெயரும் அடியில் இருந்தன.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருஷத்தில், ஸ்டாச்சூ ஜங்ஷன் பக்கம் ஒரு மாடியில் இருந்த சின்ன நிறுவனத்தில் வேலை கிடைத்தது. வளைகுடா நாடுகளில் எந்த ஆஸ்பத்திரிக்கு நர்ஸ் வேண்டும், லேப் ஆள் வேண்டும், ஆபீஸ் ஆள் வேண்டும் என்பதைத் தொகுத்து வாரம் இரண்டு தடவை மின்னஞ்சலில் அனுப்புவோம். சுமார் நானூறு பேர் வாங்கினார்கள். பாதிப்பேர் பிரவுசிங் சென்டரில் உட்கார்ந்து படிப்பவர்கள். முதலாளி மஸ்கட்டில் இருந்து திரும்பியவர், கோட்டைக்குள் அக்ரஹாரத்துக்காரர். நான் கடிதம் எழுதுவேன். எங்கள் கம்ப்யூட்டர் பிரிவு மொத்தமும் பிந்து என்ற ஒரு பெண்தான். அனுப்புவது அவள் வேலை.

நான் சொல்லவந்த நாள் ஆற்றுகால் அம்மன் கோயில் பொங்காலை. ஊரில் இருக்கிற பெண்களும் ஊருக்கு வெளியே இருக்கிற பெண்களும் தெருவெல்லாம் செங்கல் வைத்துப் பானை ஏற்றியிருந்தார்கள். பிந்துவும் எங்கேயோ ஒரு முக்கில் இடம் பிடித்திருந்தாள். முந்தின நாளே ஒரு தாளில் எழுதி ஒட்டிவிட்டுப் போயிருந்தாள்: முகவரி எல்லாவற்றையும் எடுத்து பி.சி.சி. கட்டத்தில் போடவும், அனுப்பவும். அவ்வளவுதான். அதற்கு மேல் எழுதியிருந்தால் அவமானமாக எடுத்துக்கொள்வேன் என்று நினைத்திருப்பாள், பாவம்.

பி.சி.சி. என்றால் மறைநகல் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததுதான் வினை. இத்தனை நாளும் நாம் நானூறு பேருக்கும் ஒளித்து ஒளித்தா அனுப்பினோம் என்று எனக்கு ரோசம் வந்துவிட்டது. என்ன திருட்டுத்தனம் இது! முகவரிகளை அள்ளி, மேலே எல்லோரும் பார்க்கிற கட்டத்தில் போட்டேன். போட்டதோடு நின்றேனா? யாருக்கும் முன்னுரிமை கொடுத்ததாகப் புகார் வரக்கூடாது என்று அகர வரிசையில் அடுக்கினேன். அதற்கே முக்கால் மணி நேரம் ஆனது. அனுப்பிவிட்டு, கடமையைச் செய்தவனாகச் சாய்ந்து உட்கார்ந்தேன்.

பதினோரு மணிக்கு டெலிபோன் அடித்தது.

“வேலைக் கடிதம் ஆபீஸா?”

“ஆமா, சொல்லுங்க சிஸ்டர்.” எங்களை அழைப்பவர்களில் முக்கால்வாசி நர்ஸ்கள் என்பதால் பெண்குரல் கேட்டாலே அப்படித்தான் வரும்.

“சாரே, இண்ணைக்கு வந்த மெயில்ல நானூறு பேருக்க அட்ரஸ் கெடக்கு. எனக்க அட்ரசும் கெடக்கு.”

“ஆமா சிஸ்டர். அகர வரிசையிலே போட்டிருக்கேன்.”

அந்தப் பக்கத்திலிருந்து ஒரே ஒரு வார்த்தை வந்தது. “எதுக்கு?”

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதினோரு வருஷத்துப் பதில் இருந்தது. சொல்ல வாயெடுப்பதற்குள் அவர் தன் பெயரைச் சொல்லி, பட்டியலில் அதற்கு நாலு பெயர் மேலே பார்க்கச் சொன்னார். பார்த்தேன். ஓர் ஆஸ்பத்திரியின் பெயரோடு சேர்ந்த முகவரி.

“அது எங்க மேனேஜர் சாராக்கும்,” என்றார்.

அவர் மாநில எல்லைப் பக்கத்துத் தமிழ்க் கிறிஸ்தவக் குடும்பத்துப் பெண். நைட் டியூட்டி முடித்து, பிரவுசிங் சென்டரில் மெயில் பார்த்துவிட்டு, அங்கிருந்தே போன் செய்திருந்தார். அந்த நாளில் பல தனியார் ஆஸ்பத்திரிகளில், சேரும்போதே நர்ஸின் அசல் சர்ட்டிபிக்கெட்டுகளை வாங்கிப் பூட்டி வைத்துக்கொள்வது வழக்கம். நின்றுபோகாமல் இருக்க அதுதான் சங்கிலி. இவருக்கு அடுத்த வாரம் கொச்சியில் குவைத் வேலைக்கு இன்டர்வியூ. அசல் இல்லாமல் உள்ளேயே விடமாட்டார்கள். நர்சிங் கவுன்சிலில் பதிவைப் புதுப்பிக்க வேண்டும் என்று காரணம் சொல்லி, அன்று மதியம் மேனேஜரிடம் சர்ட்டிபிக்கெட்டைக் கேட்பதாக இருந்தார். முன்பு ஒருத்தி வெளிநாடு போகப் பார்க்கிறாள் என்று தெரிந்ததும் அவளுடைய சர்ட்டிபிக்கெட் எட்டு மாதம் ‘காணாமல்’ போனதாம். தங்கள் நர்ஸ்களில் யார் வேலை தேடுகிறார்கள் என்று வேவு பார்க்கத்தான் மேனேஜர் எங்கள் கடிதத்தை வாங்குகிறார் என்று அவர் நினைத்தார். எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆரியசாலைத் தும்மல் மொத்தமும் ஒரே நேரத்தில் வந்ததுபோல எனக்குக் கண்ணில் நீர் முட்டியது. ஆனால் வாய் என்ன சொன்னது தெரியுமா?

“சிஸ்டர், அது ஒரு டெக்னிகல் எரர்.”

“அப்பிடீண்ணா?”

“அதாவது... சிஸ்டத்திலே...”

“இப்பந்தானே சாரே அகர வரிசையில போட்டேண்ணு சொன்னீங்க? சிஸ்டமா போட்டது?” குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. “நாங்க ஒரு பேஷண்டுக்கு மருந்து மாத்திக் குடுத்துட்டா, மருந்து தானா மாறிப்போச்சுண்ணா சொல்லுவோம்? என்ன குடுத்தோம், அதுனால என்ன வரும், இப்பம் என்ன செய்யணும். இந்த மூணையும் அவங்களுக்குப் புரியும்படி சொல்லணும். அதுக்குப் பொறவு அழுதாப் போதும்.”

நான் சொன்னேன்: “நான்தான் போட்டேன், சிஸ்டர். மறைச்சு அனுப்புறது தப்புன்னு நெனச்சுப் போட்டேன்.”

“செரி,” என்றார். “இனி நீங்க என்ன செய்யப் போறீங்க?”

எல்லோருக்கும் உடனே இன்னொரு கடிதம் எழுதி உண்மையைச் சொல்லப்போகிறேன் என்றேன். அவர் பதறிவிட்டார். மேனேஜர் காலையில் மெயில் பார்க்கிறவர் இல்லை. ரோடெல்லாம் அடுப்பு, ஆஸ்பத்திரிக்கு வரவே பன்னிரண்டு மணி ஆகும். இன்னொரு கடிதம் போனால் அதைத் திறப்பார், அதில் எழுதியிருப்பதைப் பார்த்து முதல் கடிதத்தைத் தேடி எடுப்பார்.

“ரெண்டு மணிக்கூர் தாங்க சாரே. நான் போய் சர்ட்டிபிக்கெட்டைக் கையில வாங்கிட்டு விளிக்கேன்.”

இங்கேதான் நீங்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். இவருக்கு இரண்டு மணி நேரம் கொடுத்தால், மற்ற நானூறு பேருக்கு என்ன நடந்தது என்றே தெரியாமல் அந்த இரண்டு மணி நேரம் போகும். அவர்களிலும் எத்தனை பேருக்கு எத்தனை மேனேஜரோ. சொல்லாமல் இருந்தால் இவர் பிழைப்பார், சொன்னால் அவர்கள் பிழைப்பார்கள். நான் கொடுத்தேன். போனில் இருந்தவருக்குக் குரல் இருந்தது, மற்றவர்களுக்கு இல்லை. அதனால்தான் கொடுத்தேனோ என்று இன்றைக்கும் சந்தேகம் உண்டு. சரி என்று யாராவது சொன்னால் சந்தோஷப்படுவேன், நம்பமாட்டேன்.

அதற்குப் பரிகாரமாக, டெலிபோன் நம்பர் கொடுத்திருந்த சந்தாதாரர்களையாவது கூப்பிட்டுச் சொல்வோம் என்று ஆரம்பித்தேன். முதல் நம்பரில் ஒரு வயதானவர் எடுத்தார். மகள் பெயரைச் சொல்லி, வேலைக் கடித ஆபீஸ் என்றேன். “வேலையா? எந்த நாட்டுக்கு? அவ வீட்டுல ஒண்ணும் பறையலியே!” என்றார். ராங் நம்பர் என்று வைத்துவிட்டேன். ஒரு ரகசியத்தை உடைத்ததற்கு மன்னிப்புக் கேட்கப் போய் இன்னொன்றை உடைத்தேன். அன்றைக்கு என் கையில் டெலிபோனைக் கொடுத்திருக்கவே கூடாது.

அதற்குள் முதலாளி வந்து சேர்ந்தார். ஸ்கூட்டர் போக வழியில்லாமல் அடுப்புகளுக்கு நடுவே நடந்து வந்ததில் கண் இரண்டும் சிவந்திருந்தன. அது புகையால் என்று நினைத்தேன். அவர் காலைக் கடிதத்தைப் பார்த்துவிட்டுத்தான் வந்திருந்தார்.

“ஓய், என்ன காரியம் பண்ணி வச்சிருக்கீர்! சரி, போனது போச்சு. வாயை மூடிண்டு இரும். யார் அந்த லிஸ்ட்டைப் படிக்கப் போறா?”

“ஒருத்தர் படிச்சாச்சு சார். நாலு பேர் மேலே யாருன்னு எண்ணிச் சொன்னாங்க.”

“அப்படி யாராவது கேட்டா நம்ம பிரைவசி பாலிசியைக் காட்டும். எல்லாம் அதிலே இருக்கு.”

எங்களுக்கு ஒரு பிரைவசி பாலிசி இருந்தது நிஜம். மூன்று பக்கம். முதலாளி ஏதோ ஒரு அமெரிக்கக் கம்பெனியின் பக்கத்திலிருந்து அப்படியே எடுத்து, அவர்கள் பெயர் இருந்த இடத்தில் எங்கள் பெயரைப் போட்டிருந்தார். அன்றைக்குத்தான் நாங்கள் இரண்டு பேரும் அதை முதல்முறையாகப் படித்தோம். எங்கள் ‘துணை நிறுவனங்களோடு’ விவரங்களைப் பகிர்ந்துகொள்வோம் என்று இருந்தது. எங்களுக்குத் துணையாக இருந்தது கீழே இருந்த டீக்கடை ஒன்றுதான். வழக்கு ஏதும் வந்தால் அமெரிக்காவில் ஏதோ ஒரு மாநிலத்துக் கோர்ட்டில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் இருந்தது. முகவரியை எல்லோருக்கும் காட்டிவிட்டால் என்ன செய்வது என்று மட்டும் எங்கேயும் இல்லை.

நான் எழுத உட்கார்ந்தேன். ‘தவிர்க்க இயலாத தொழில்நுட்பக் காரணங்களால்’ என்று பேனா தானாகவே ஓடியது. கிழித்தேன். ‘தங்கள் மேலான கவனத்துக்கு’ என்று ஓடியது. அதையும் கிழித்தேன். அந்தக் காலத்தில் பிரவுசிங் சென்டர்களில் தமிழ் எழுத்தும் மலையாள எழுத்தும் சரியாகத் தெரியாது. முக்கியமானதை இரண்டு மொழியிலும் ஆங்கில எழுத்தில் அடித்துத்தான் அனுப்புவோம். பெரிய பெரிய வார்த்தைகளை அப்படி அடித்துப் பாருங்கள், எழுதியவனாலேயே வாசிக்க முடியாது. நான் சுலபமாக எழுதக் கற்றது ஞானத்தால் இல்லை, அந்த அவஸ்தையால். கடைசியில் இப்படி நின்றது:

‘இன்று காலைக் கடிதத்தில் எல்லோருடைய மின்னஞ்சல் முகவரியும் எல்லோருக்கும் தெரியும்படி போய்விட்டது. கம்ப்யூட்டர் செய்யவில்லை, நான் செய்தேன். உங்கள் முகவரியில் உங்கள் பெயரோ ஆஸ்பத்திரி பெயரோ இருந்தால், நீங்கள் வேலை தேடுவது மற்றவர்களுக்குத் தெரிந்திருக்கலாம். அதில் உங்கள் மேலதிகாரியும் இருக்கலாம். போனதை எங்களால் திரும்ப எடுக்க முடியாது. காலைக் கடிதத்தை அழித்துவிடுங்கள், அதற்குப் பதில் எழுதாதீர்கள். இனி ஒருவர் முகவரி இன்னொருவருக்குத் தெரியாது. உங்கள் பெயரை எடுக்கச் சொன்னால் எடுத்துவிடுவோம். மன்னியுங்கள்.’

முதலாளி படித்துவிட்டுத் தலையில் கை வைத்தார். “நான் செய்தேன்னா எழுதுவா? கேஸ் போட்டுடுவா ஓய்!”

“போடட்டும் சார். அமெரிக்காவுக்கு டிக்கெட் எடுத்துக்கிட்டுப் போய்த்தானே போடணும்? நாமே எழுதி வச்சிருக்கோமே.”

அவர் சிரித்துவிட்டார். சிரித்த மனுஷனால் மறுக்க முடியாது. நீங்களும் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மணி ஆனது. ஒன்றேகால் ஆனது. போன் வரவில்லை. தெருவில் பொங்கிய பானைகளுக்குக் குரவை இடும் சத்தம் கேட்டது. ஒன்றரைக்கு மேல் தாங்கவில்லை. நான் கொடுத்த வாக்கு முடிந்துவிட்டது, மற்றவர்களுக்கும் வாய் இருக்கிறது என்று அனுப்புகிற பொத்தானில் விரலை வைத்தேன். போன் அடித்தது.

“சாரே, கிட்டிச்சு.”

“அவரு மெயில் பார்க்கலியா?”

“பாத்தாரு! நான் ரூமுக்குள்ள போன ஒடனே கதவைச் சாத்தச் சொன்னாரு. எனக்குக் கையும் ஓடல்ல, காலும் ஓடல்ல. ‘சிஸ்டர் அந்த மெயிலைப் பாத்தீங்களா?’ண்ணு கேட்டாரு. பாத்தேன் சார்ண்ணேன். ‘நம்ம ஆஸ்பத்திரி முதலாளி டாக்டரிட்ட சொல்லிட்டீங்களா?’ண்ணு கேக்காரு! அப்பந்தான் சாரே எனக்கு மனசிலாச்சு. அவரு நம்மளப் பிடிக்க வந்தவரு இல்ல. அவரும் வேலை தேடுதாரு!”

மேனேஜர் அலமாரியைத் திறந்து, இவர் கேட்டு முடிப்பதற்கு முன்பே சர்ட்டிபிக்கெட்டை எடுத்துக் கையில் கொடுத்து, பதிவு புதுப்பிக்கத்தானே, தாராளமாகக் கொண்டுபோங்கள் என்று சொல்லி, வாசல் வரை வந்து வழியனுப்பினாராம். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சிஸ்டரும் சிரித்தார். பிறகு அவர் நிறுத்திவிட்டார்.

“சிரிச்சாச்சு. ஆனா சாரே, அவரு வேலை தேடாத மேனேஜரா இருந்திருந்தா?”

எனக்கு வெட்கமாக இருந்தது. அவரைக் காப்பாற்றியது நான் இல்லை, என் கடிதமும் இல்லை. இன்னொருவருடைய பயம்தான் காப்பாற்றியது. அந்தப் பயத்தையும் நான்தான் அவருக்குக் கொடுத்திருந்தேன்.

கடிதத்தை அனுப்பினேன். இந்தமுறை மறைநகலில். பத்து நிமிஷத்தில் மேனேஜரே கூப்பிட்டுக் கத்து கத்தென்று கத்தினார். மூன்றையும் சொன்னேன்: என்ன செய்தேன், அதனால் என்ன வரலாம், அவர் என்ன செய்யலாம். ‘என்ன வரலாம்’ என்பதை அவரே விளக்கமாகச் சொன்னார். மற்றவர்கள் சும்மா இருக்கவில்லை. பதில் எழுதாதீர்கள் என்று சொன்ன பிறகும், ஒருவர் நானூறு பேருக்கும் சேர்த்து, சாப்பாடும் தங்கலும் இலவசமா என்று கேட்டார். இன்சூரன்ஸ் ஏஜென்ட் ஒருவர் அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் எல்லோருக்கும் எழுதினார். பெயரை எடுக்கச் சொல்லி முப்பது பேர் வரை எழுதினார்கள். எடுத்தோம்.

மறுநாள் பிந்து வந்து என்னைப் பார்த்த பார்வையைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.

பழைய மூன்று பக்கத்தைத் தூக்கிவிட்டு, ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் போட ஐந்து வரி எழுதினேன். அதைப் படித்துப் பார்க்க முடியுமா என்று அந்த சிஸ்டரிடமே கேட்டேன். வார்டில் ரவுண்ட்ஸ் போகிறவர்போல ஒவ்வொரு வரியாக நின்று பார்த்தார்.

“‘தங்கள் விவரங்கள்’ண்ணா என்ன விவரம்? பேரும் மெயிலும் தானே? அதைச் சொல்லுங்க. ‘மூன்றாம் நபர்’ண்ணா யாரு? எனக்கு மூணாவது ஆளு எங்க மாமியார். ஏஜென்சிக்குக் குடுக்கமாட்டோம், ஆஸ்பத்திரிக்குக் குடுக்கமாட்டோம்ணு எழுதுங்க. ‘உடனடியாக நீக்கப்படும்’... உடனடிண்ணா எப்பம்? எங்க ஆஸ்பத்திரியில உடனடிண்ணா மூணு மாசமாக்கும்.”

“நாளைக்குள்ளே?”

“நாளைக்குச் சாயங்காலத்துக்குள்ளேண்ணு போடுங்க. போட்டா செய்யணும், கேட்டீங்களா? செய்ய ஏலாததை எழுதாண்டாம்.”

அப்படியே போட்டோம். எழுதினதைச் செய்ய முடியாமல் போகும் என்று தோன்றிய ஒரு வரியை முதலாளியே அடித்தார். ‘உங்கள் முகவரி முழுப் பாதுகாப்பாக இருக்கும்’ என்பது அந்த வரி. நானும் பிந்துவும் இருக்கிற ஆபீசில் பாதிதான் பாதுகாப்பு என்று அவருக்குத் தெரிந்துவிட்டது.

அந்த சிஸ்டருக்குக் குவைத் வேலை கிடைத்தது. போய்ச் சேர்ந்து இரண்டு மாதம் கழித்து ஒரு மெயில் வந்தது. வேலை நன்றாக இருக்கிறது, வெயில்தான் தாங்கவில்லை, மேனேஜர் சாருக்கும் இங்கேயே பக்கத்தில் வேலை கிடைத்திருக்கிறது, இங்கே லீவு நாளான வெள்ளிக்கிழமையில் சர்ச் ஆராதனைக்குப் போகும் வழியில் பார்த்தால் இரண்டு பேரும் சிரித்துக்கொள்கிறோம் என்று எழுதியிருந்தார். கடைசி வரி: இனி எனக்கு வேலைக் கடிதம் வேண்டாம், பெயரை எடுத்துவிடுங்கள்.

முதலாளிக்கு ஆனந்தம். “ஓய், இதை அப்படியே போட்டோவோட போடும்! நம்ம கடிதத்தாலே போன நர்ஸ்! இதைவிட விளம்பரம் உண்டா?”

எங்கள் ஐந்து வரியில் ஐந்தாவது, எடுக்கச் சொன்னால் மறுநாள் சாயங்காலத்துக்குள் பெயரையும் நீங்கள் எழுதியதையும் அழித்துவிடுவோம், நகல் வைத்துக்கொள்ளமாட்டோம் என்பது. நான் பட்டியலிலிருந்து அவர் பெயரை எடுத்தேன். பிறகு அந்த மெயிலை இன்னொரு தடவை படித்தேன். பதினோரு வருஷம் நகல் எடுத்துப் பழகிய கை. ஒரு பிரிண்ட் எடுத்து மேஜை டிராயரில் போட்டால் யாருக்குத் தெரியும்? அழித்தேன். முதலாளி இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

இதை எழுதலாமா என்று அந்த சிஸ்டரிடம் ஒரு வார்த்தை கேட்க ஆசையாக இருந்தது. கேட்க வழியில்லை, முகவரி எங்கேயும் இல்லை. அதனால் இதில் அவர் ஊரையும் அவர் போன நாட்டையும் இன்னும் ஒன்றிரண்டையும் மாற்றியிருக்கிறேன், எவை என்று கேட்காதீர்கள். அவர் பெயர் மட்டும் முதலெழுத்தோடு என் நினைவில் இருக்கிறது. அதை எடுப்பது எப்படி என்று எனக்குத் தெரியவில்லை, அவரும் அதை எடுக்கச் சொல்லவில்லை.